சமூகப் பழமைவாதியா? எந்தச் சமூகம்?

என் பெரியப்பாவுக்கு 74 வயது. சாயங்காலமானால் யூடியூபில் அமெரிக்க அரசியல் பார்ப்பார். ஒருநாள் ஒரு காணொளியில், 2024 தேர்தலில் ட்ரம்ப்போடு துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜே.டி. வான்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆள், "ட்ரம்ப்பின் ஓட்டத் துணையான இவர் ஒரு சமூகப் பழமைவாதி" என்று முழங்க, பெரியப்பா என் பக்கம் திரும்பி, "ஏம்பா, அங்கயும் சமூகம் பாத்துத்தான் சீட்டு குடுக்கறாங்களா? இவரு எந்தச் சமூகம்?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் தப்பு அவர் மேல் இல்லை. நம் ஊரில் கல்யாண மண்டபத்திலும் தேர்தல் அலசலிலும் 'சமூகம்' என்றால் பாதி நேரம் சாதிதான். சாதி என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சமூகம் என்கிறோம். அந்தச் சொல்லோடு 'பழமைவாதி'யையும் ஒட்டிக் கொடுத்தால், கேட்கிறவர் சாதிக் கட்டுப்பாடு பார்க்கிற ஊர்ப் பெரியவரைத்தான் நினைத்துக்கொள்வார். 'சோஷியல் கன்சர்வேட்டிவ்' என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

முதலில் 'கன்சர்வேட்டிவ்' என்ற சொல்லின் வேர். லத்தீனில் 'செர்வாரே' என்றால் காத்தல். 'கொன்செர்வாரே' என்றால் கெடாமல் காத்து வைத்தல். பிரெஞ்சுப் புரட்சியின் புயல் அடங்கி மன்னராட்சி திரும்பிய பிறகு, 1818ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோபிரியான் தொடங்கிய 'லெ கொன்செர்வத்தர்' என்ற ஏட்டின் பெயர் வழியாக இது அரசியல் சொல்லானது. 1830களில் பிரிட்டனின் டோரி கட்சிக்காரர்கள் அதைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இந்த வரலாற்றில் எங்கேயும் 'பழசு' என்ற பொருள் இல்லை, 'காப்பது' என்பதுதான் இருக்கிறது. நம் வனத்துறையிலேயே அதே வேரில் பிறந்த 'கன்சர்வேட்டர்' என்ற ஒரு பதவி உண்டு. அதற்கு அழகாக 'வனப் பாதுகாவலர்' என்று பெயர் வைத்தார்கள், யாரும் 'வனப் பழமைவாதி' என்று வைக்கவில்லை. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் 'ஆற்றல் அழிவின்மை விதி' என்று படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயரில் இருக்கிற 'கன்சர்வேஷ'னும் இந்த வேர்தான். அறிவியல்காரர்களுக்குப் பிடிபட்டது அரசியல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை என்று தெரியவில்லை.

சரி, ஒரு சொல் கொஞ்சம் இடறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் துணை அதிபராக இருந்த மைக் பென்ஸை எடுத்துக்கொள்வோம். வான்ஸைவிட அவருடைய ஏடு, அதாவது பதவியில் இருந்து செய்தவற்றின் கணக்கு, நீளமானது, தெளிவானது.

பென்ஸ் 12 வருடம் நாடாளுமன்றத்தில் இருந்துவிட்டு 2013ல் இண்டியானா மாநில ஆளுநர் ஆனவர். ஆளுநர் என்றால் நம் ராஜ்பவன் ஆளுநர் இல்லை, ஏறக்குறைய நம் முதல்வர் மாதிரி. 2015 மார்ச்சில் மத சுதந்திரத்தின் பெயரில் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தன் மத நம்பிக்கையைச் சொல்லி ஒரு கடைக்காரர் ஒருபாலினத் தம்பதிக்குப் பொருள் தர மறுக்க இது வழி செய்யும் என்று எதிர்ப்பு கிளம்பியது. பெரிய நிறுவனங்களும் விளையாட்டு அமைப்புகளும் முகம் சுளிக்க, ஒரே வாரத்தில் திருத்தச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் கருக்கலைப்புச் சட்டம். கருவின் பாலினம், இனம், ஊனம் இவற்றைக் காரணமாகக் காட்டிக் கலைக்கக் கூடாது, கலைந்த கருவை அடக்கமோ தகனமோ செய்ய வேண்டும் என்றது அது. நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றம் நிறுத்தியது. 2019ல் உச்ச நீதிமன்றம் அடக்கம் பற்றிய பகுதியை மட்டும் செல்லும் என்றது.

இந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவரைத்தான் 2016 ஜூலையில் ட்ரம்ப் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். ட்ரம்ப்போ மூன்று கல்யாணம் செய்தவர். 1999ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கருக்கலைப்பு உரிமைக்கு நான் ஆதரவு என்று அடித்துச் சொன்னவர். தேவாலயத்துக்குத் தவறாமல் போகிற, பைபிளை இறுகப் பிடிக்கிற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவரான இவாஞ்சலிக்கல் வாக்காளருக்கு இவர் மேல் சந்தேகம் இருந்ததில் ஆச்சரியம் என்ன? அந்த இடத்தில் பென்ஸ் போட்டது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்குகிறவனை நம்பாவிட்டாலும் ஜாமீன் போடுகிறவரைப் பார்த்துக் கடன் கொடுப்போமே, அந்தக் கணக்கு. வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பத்தில் எட்டுப் பேர் கடைசியில் ட்ரம்ப்புக்கே போட்டார்கள். பென்ஸ் ஒருவரால்தான் என்று சொல்ல மாட்டேன், நீதிபதி ஸ்காலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் காலியாகக் கிடந்த, அடுத்த அதிபர் ஆள் போட வேண்டியிருந்த நாற்காலிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அதே ஏட்டைப் புரட்டிப் பார்த்து, இந்த ஆள் வாஷிங்டனுக்கு வந்தால் நம் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று பயந்த ஒருபாலினத் தம்பதிகளும் இருந்தார்கள். ஒருவருக்கு ஜாமீன், இன்னொருவருக்கு மிரட்டல், இரண்டும் ஒரே கையெழுத்து.

இப்போது இந்த இரண்டு வாக்காளர்களையும் ஒரு தமிழ்ச் செய்தியில் வைத்து, நடுவில் 'பழமைவாதி பென்ஸ்' என்று எழுதிப் பாருங்கள். பயந்தவர் ஏன் பயந்தார் என்பது புரியும். விரும்பியவர் ஏன் விரும்பினார் என்பது புரியவே புரியாது. ஏனென்றால் தமிழில் 'பழமைவாதி' விவரிக்கிற சொல் அல்ல, தீர்ப்பு சொல்கிற சொல். சுயமரியாதை இயக்கமும் இடதுசாரிகளும் நூறு வருடமாகப் பேசி எழுதி, பழமை ஒரு பக்கம் பகுத்தறிவு மறுபக்கம் என்று நம் காதில் பதிய வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது, அந்தச் சண்டையில் நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தச் சண்டையின் ஆயுதத்தை எடுத்துப் போய் இண்டியானாவில் செய்தியாளர் வேலை பார்க்க முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு கொள்கைக்காரரைக் குறிக்கும் சொல் என்றால், அவர் தன்னைப் பற்றியே அதை மேடையில் சொல்லிக்கொள்ள முடிய வேண்டும், எதிரியும் அதே சொல்லை வைத்துத் திட்ட முடிய வேண்டும். 2016ல் ரிபப்ளிகன் கட்சியின் கிளீவ்லாந்து மாநாட்டு மேடையில் பென்ஸ் தன்னை அறிமுகம் செய்துகொண்டது இப்படி: நான் கிறிஸ்தவன், கன்சர்வேட்டிவ், ரிபப்ளிகன், அதே வரிசையில். கைத்தட்டல். இதைத் தமிழில் 'நான் ஒரு பழமைவாதி' என்று போட்டால், ஒரு மனிதர் தன்னைத் தானே திட்டிக்கொள்ள, கூட்டம் கைதட்டியதாக ஆகிவிடும்.

'பிற்போக்குவாதி' என்று எழுதுகிறவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. அது வெளிப்படையான வசவு, அந்த வகையில் நேர்மையானது. 'பழமைவாதி'தான் நடுநிலை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

என் சொல் 'மரபு காப்போர்', ஒருமையில் 'மரபுக் காப்பாளர்'. கல்யாணம், குடும்பம், கருக்கலைப்பு, வழிபாடு இவற்றில் வழிவழியாக வந்ததைச் சட்டமும் காக்க வேண்டும் என்பவர். முன்னால் இருக்கிற 'சோஷியல்' உங்களுக்கு வேண்டுமானால் 'வாழ்வியல் மரபுக் காப்பாளர்' என்று எழுதுங்கள், தயவுசெய்து 'சமூக' மட்டும் வேண்டாம். இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "மரபு என்றால் தமிழில் உயர்வான சொல்லாச்சே, நீ வசவை எடுத்துவிட்டு மாலை போடுகிறாயே" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. மரபுக் கவிதை, மரபு விதை என்று நல்ல பொருள்களுக்கெல்லாம் அதுதான் முன்னால் நிற்கிறது. (தொல்காப்பியத்தின் மரபியல் இன்று கல்லூரியில் மரபணுப் பாடமாகிவிட்டது, அது வேறு கதை.) ஆனால் 'யாருடைய மரபு, யாரிடமிருந்து காக்கிறாய்' என்று எதிரி கேட்க இந்தச் சொல்லில் இடமிருக்கிறது. 'பழமைவாதி'யில் கேள்விக்கே இடமில்லை, தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது.

இன்னொன்று. வரியைக் குறை, அரசு செலவைக் குறை என்கிறவர்களையும் அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு 'மரபு' ஒட்டாது. 'சிக்கன ஆட்சி கோருவோர்' என்று தனியாகச் சொல்லிவிடலாம். அங்கே ஒரே சொல் என்பதற்காக இங்கேயும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் பிடிக்கவில்லையா, 'கன்சர்வேட்டிவ்' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போங்கள். தனித்தமிழ் அன்பர்கள் கோபப்படுவார்கள். தப்பான தமிழ்ச் சொல்லைவிட ஒழுங்கான கடன் சொல் மேல் என்பது என் கட்சி.

'ரன்னிங் மேட்' என்பதற்குப் போடுகிற 'ஓட்டத் துணை'யையும் விட மனசில்லை. குதிரைப் பந்தயத்தில், ஒரே லாயத்துக் குதிரை ஒன்று இன்னொன்றுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் கூட ஓடுமாம். அந்தக் குதிரையின் பெயர்தான் அரசியலுக்கு வந்தது. தமிழில் 'ஓட்டத் துணை' என்றால் காலையில் கடற்கரையில் கூட ஓடுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். 'துணை அதிபர் வேட்பாளர்' பரவாயில்லை, ஆனால் பதவியைச் சொல்கிறதே தவிர ஜோடியைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. பிலிப்பைன்ஸில் தனித்தனி வாக்கு. 2016ல் அங்கே டுட்டெர்டே அதிபரானார், அவரோடு ஜோடி சேர்ந்து நின்ற காயெட்டானோ தோற்றார், எதிர் ஜோடியில் நின்ற லெனி ரொப்ரெடோ துணை அதிபரானார். ஆகவே ஜோடி வேறு, பதவி வேறு. 'இணை வேட்பாளர்' என்பதுதான் சரி. 'துணை வேட்பாளர்' என்று எழுதிவிடாதீர்கள், மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று கட்சிகள் போட்டுவைக்கிற மாற்று வேட்பாளர் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. இரவு பதினொரு மணிக்கு வந்த செய்தியைப் பதினொன்றே காலுக்குள் போட வேண்டும், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுக்கிறார்கள். இப்போது அதையும் இயந்திரம் செய்துவிடுகிறது, பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. 'கன்சர்வேட்டிவ் எஸ்டிமேட்' என்பதற்குக் குறைத்துப் போட்ட கணக்கு என்று வர வேண்டிய இடத்தில் 'பழமைவாத மதிப்பீடு' என்று வந்த வணிகச் செய்தியை நானே படித்திருக்கிறேன். போன மாதம் பெரியப்பாவின் முழங்கால் வலிக்காக இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, அறுவை இல்லாமல் மருந்தும் பயிற்சியுமாகப் பார்ப்பதற்கு ஒரு தமிழ்ப் பக்கத்தில் 'பழமைவாத சிகிச்சை' என்று போட்டிருந்தார்கள். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "நாட்டு வைத்தியமா? வேண்டாம்பா, இங்கிலீஷ் டாக்டர்கிட்டயே போகலாம்" என்றார்.