டிரைவர் மெர்ஜ் ஆகிவிட்டது, இனி யார் பார்ப்பது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) மெர்ஜ் ஆனதும், அதாவது சேர்க்கப்பட்டதும், அந்த வேலையை முடிந்த கணக்கில் சேர்த்துவிடும் நிறுவனங்கள் அதிகம். "இனி கம்யூனிட்டி பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதி இதுதான்: கெர்னலின் உள் ஏபிஐயை (டிரைவர்கள் கெர்னலை அழைக்கும் முறையை) மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் சேர்த்தே திருத்தித் தர வேண்டும். உதாரணமாக, 2017-ல் டைமர் கால்பேக்குக்கு (நேரம் முடிந்ததும் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷனுக்கு) வந்துகொண்டிருந்த அன்சைன்ட் லாங் என்ற எண் மதிப்பு போய், டைமர் ஸ்ட்ரக்சரின் பாயின்டர் (முகவரி) வந்தது. கெர்னலுக்குள் இருந்த டிரைவர்களை, ஏபிஐயை மாற்றியவர்களே திருத்திக் கொடுத்தார்கள். வெளியே தனியாக வைத்திருந்தவர்களுக்கு பில்ட் உடைந்தது.

ஆனால் இத்தகைய திருத்தங்களில் பல கம்பைல் செய்து மட்டுமே பார்க்கப்பட்டவை. சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் சிப் பதில் தருகிறதா என்பதைக் கம்பைலர் சொல்லாது. போர்டு கையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ முடிந்து, முதல் சோதனை வெளியீடான ஆர்சி-1 வந்ததும் உங்கள் போர்டில் பூட் செய்யுங்கள். உடைந்திருந்தால், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது: பத்தாயிரம் கமிட் (பதிவான மாற்றம்) என்றாலும் சுமார் 14 படிகளில் குற்றவாளி சிக்கிவிடும். அந்தக் கமிட்டைச் சுட்டும் ஃபிக்ஸஸ் வரியோடு பேட்ச் (திருத்தம்) அனுப்புங்கள்.

அடுத்தது, எந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று கெர்னலில் பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் கோப்பு. பலர் அதை ஒருமுறை எழுதியதோடு மறந்துவிடுகிறார்கள். பராமரிப்பவரைச் சொல்லும் 'எம்' வரியில் அலுவலக மின்னஞ்சல் இருக்கும். ஆள் வேலை மாறியதும் வரும் பேட்ச் எல்லாம் பவுன்ஸ் ஆகும். இரண்டு பேரைப் போடுங்கள், விலகுமுன் முகவரியை மாற்றும் பேட்சை அனுப்புங்கள். கோப்புகளின் பாதையைச் சொல்லும் 'எஃப்' வரி இன்னும் மோசம், சத்தமில்லாமல் கெடும். வன்பொருளை விவரிக்கும் முறையைச் சொல்லும் டிவைஸ் ட்ரீ பைண்டிங், டெக்ஸ்ட் கோப்பிலிருந்து யாமல் வடிவக் கோப்புக்கு மாறியிருக்கும். வரி பழைய பெயரிலேயே நிற்கும். அந்தக் கோப்புக்கு வரும் மாற்றம் உங்களை எட்டாது. பேட்சை யாருக்கு அனுப்புவது என்று இந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்லும் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டை செல்ஃப்-டெஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டினால், இப்படிக் கோப்பே இல்லாத பாதைகள் தெரியும்.

நிலையைச் சொல்லும் 'எஸ்' வரியில் 'சப்போர்ட்டட்' என்றால் அதற்கென்று சம்பளம் வாங்குகிற ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அப்படி யாரும் இல்லாமல், அவ்வப்போது ஒரு திருத்தம் போட மட்டுமே நேரம் இருந்தால் 'ஆட் ஃபிக்சஸ்' என்று போடுவதே நேர்மை. பார்க்க ஆளே இல்லாவிட்டால் 'ஆர்ஃபன்' (அநாதை). 2019-ல் ஃப்ளாப்பி டிரைவருக்கே அது நேர்ந்தது. அதே ஆண்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்டார். ஆர்ஃபன் ஆனதும் உடனே நீக்கிவிட மாட்டார்கள். யாராவது ஒரு பெரிய மாற்றம் செய்யும்போது அந்த டிரைவர் குறுக்கே நிற்கும், சோதிக்க ஆள் இருக்காது, அப்போது நீக்கும் பேட்ச் வரும். அந்தக் கட்டத்திலும் "இன்னும் பயன்படுத்துகிறோம், இந்த ஆர்சியில் சோதித்தோம்" என்று ஒருவர் எழுதினால், பெரும்பாலும் பேட்ச் நின்றுவிடும்.