சிறுகோள்: சொல் விளக்கம்

1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு மங்கலான ஒளிப்புள்ளியைக் கண்டறிந்தார். பார்வைக்கு அது ஒரு விண்மீனேதான்; ஆனால் விண்மீன்கள் தத்தம் இடத்தில் நிற்க, அது மட்டும் அவற்றினூடே நகர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இத்தகைய பொருள்கள் திரளாகச் சுற்றிவரும் முதன்மைப் பட்டையைச் சேர்ந்த அப்பொருள், ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்ட 'அஸ்டிராய்டு' (சிறுகோள்) என்பதால் '67 ஆசியா' என்று பெயர் பெற்றது.

அஸ்டிராய்டு என்பதற்குக் கிரேக்க வேரின்படி 'விண்மீன் போன்றது' என்பது பொருள். 1801-இல் சீரீஸ், 1802-இல் பல்லாஸ் என்னும் சிறுகோள்கள் கண்டறியப்பட்டபோது, அவை தொலைநோக்கியில் மற்றக் கோள்களைப் போல வட்டமாகத் தெரியாமல் வெறும் புள்ளிகளாகவே தெரிந்ததால், வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1802-இல் இச்சொல்லை வழங்கினார். ஆகவே அது தோற்றத்தைச் சொல்கிறதே தவிர இயல்பைச் சொல்லவில்லை. 67 ஆசியா தானே ஒளிர்வதன்று. சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும் சிலிக்கேட் பாறை வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 16 மணி நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி, சூரியனைச் சுற்றிவர மூன்றே முக்கால் ஆண்டு எடுத்துக்கொள்கிறது.

தமிழில் இதற்குரிய சொல் 'சிறுகோள்'. 'கொள்' என்னும் வினையடி நீண்டு 'கோள்' ஆயிற்று. 'படு' என்பது 'பாடு' ஆவதைப் போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர் இது. சங்கப் புலவர்கள் நாள்மீனையும் (விண்மீன்) கோள்மீனையும் (கோள்) வேறுபடுத்தியே பாடினர். அம்மரபில் வந்த 'கோள்' என்னும் சொல்லோடு 'சிறு' சேரும்போது, சூரியனைச் சுற்றுவது, அளவில் சிறியது என்ற இரண்டு உண்மைகளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மூலச்சொல்லைவிட நம் சொல்லே பொருத்தமானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

செய்திகளில் இதனை 'விண்கல்' என்று எழுதுவது வருத்தம் தருகிறது. விண்கல் என்பது வளிமண்டலத்தில் எரிந்தழியாமல் தரையில் வந்து விழுந்த கல். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தக்கது. 67 ஆசியாவின் குறுக்களவோ சுமார் 60 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் தொலைவுக்கு ஏறத்தாழ இணையானது. 'குறுங்கோள்' என்பதையும் இங்கே கலக்கலாகாது. அது புளூட்டோ போன்றவற்றுக்கு வழங்கும் சொல். சிறுகோள்களில் முதலாவதாகக் கண்டறியப்பட்ட சீரீசும் 2006 முதல் அந்த வகையிலேயே வைத்து எண்ணப்படுகிறது.