மார்க்: தடப்பிடி

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், உதைத்த பந்து குறைந்தது 15 மீட்டர் பறந்து, வழியில் யார் கையும் படாமல் வந்து, தரையில் விழும் முன் ஒருவர் கையில் அடங்கினால் அது ‘மார்க்’. பிடித்தவரை அதன்பின் யாரும் மடக்கக்கூடாது. பிடித்த இடத்துக்குப் பின்னால் போய் நின்று, நிதானமாகக் குறிபார்த்து உதைக்கலாம். உதைத்தது எதிரணியாக இருந்தாலும் மார்க் மார்க்தான். ஆனால் முஷ்டியால் குத்தி அனுப்பும் ‘ஹேண்ட்பால்’ பந்தைப் பிடித்தால் இந்த உரிமை கிடையாது.

வேலூர்ப் பக்கம் இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தரும்போது இந்தச் சொல் இடறும். ‘மார்க் எடுத்தான்’ என்றால் இங்கே பரீட்சை மதிப்பெண். அதனால் மார்க் எடுத்தாலே பாயிண்ட் ஏறும் என்று நினைத்துவிடுகிறார்கள். மார்க்குக்குப் பாயிண்ட் ஒன்றும் இல்லை. அடுத்து உதைக்கும் பந்து நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே போனால் 6, நடுக்கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1.

பழைய ஆங்கிலத்தில் ‘மெயர்க்’ என்றால் எல்லை, அடையாளம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பள்ளிக் கால்பந்தில், பந்தைப் பிடித்தவர் அந்த இடத்திலேயே குதிகாலால் மண்ணைக் கீறி அடையாளம் வைப்பார். அங்கிருந்து தடையில்லாமல் உதைப்பார். மெல்போர்னில் 1859 மே மாதம் எழுதிய பத்து விதிகளில் ஆறாவது இதைத்தான் சொல்கிறது: உதையிலிருந்து நேரே பிடித்தவர் ‘மார்க்’ என்று குரல் கொடுக்கலாம், அந்த அடையாளத்தைத் தாண்டி எதிரணியினர் உள்ளே வரக்கூடாது. இன்று குரல் கொடுக்க வேண்டியதில்லை, நடுவர் விசில் ஊதுவார். குதிகால் கீறலின் பெயர் பிடிக்கே ஆகிவந்துவிட்டது.

தமிழில் ‘பிடி’ என்றே சொல்லலாமே என்று தோன்றும். சரிப்படாது. கபடி ஆடிய பிள்ளைகளுக்குப் பிடி என்றால் ஆளைப் பிடிப்பது, இந்த ஆட்டத்திலும் ஆளை மடக்குவது உண்டு. ‘பிடி, பிடி’ என்று கத்தினால் ஒருவன் பந்தைப் பார்ப்பான், இன்னொருவன் ஆள்மேல் பாய்வான். ‘குறி’ அகராதிப்படி பொருந்தும், மைதானத்தில் கூவ ஏற்றதல்ல. ‘தடம்’ இரண்டுக்கும் மேல்: காலால் மண்ணில் விழுந்த அடையாளம் என்ற மூலப் பொருளே அதில் இருக்கிறது. ஆகவே பந்தைப் பிடிப்பது தடப்பிடி, பிடித்த இடம் தடம், அங்கே எதிரே நிற்கும் எதிரணிக்காரர் தடக்காவலர்.

தடக்காவலருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. 2021 முதல் ஆஸ்திரேலியத் தொழில்முறை லீகில் நடுவர் ‘நில்’ என்றதும் அவர் பக்கவாட்டில்கூட அசையக்கூடாது. அசைந்தால் தடம் 50 மீட்டர் முன்னே போகும். உதைப்பவர் நேர்கோட்டை விட்டு விலகினால் நடுவர் ‘ப்ளே ஆன்’, அதாவது ஆட்டம் தொடரட்டும், என்பார். பிறகு உதைப்பவரை மடக்கலாம்.

பிடிக்கும் முறையில் கிரிக்கெட் பழக்கம் காலை வாரும். உயரக் கேட்ச் பிடிப்பவர்கள் கையைக் குவித்து, பந்தோடு உடல்பக்கம் இழுத்துக்கொள்வார்கள். இது நீள்முட்டைப் பந்து; கூர்முனை குவிந்த கைகளுக்கு நடுவே நழுவிவிடும். தலைக்குப் பின்னால் இழுத்தால், முதுகுப்புறம் நிற்பவர் முஷ்டியால் தட்டிவிடுவார். இரு கட்டைவிரல்களும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்க, மற்ற விரல்கள் விரிந்திருக்க, நெற்றிக்கு முன்னாலேயே பந்தின் பின்பக்கத்தைப் பற்ற வேண்டும். மார்பளவில் வரும் பந்துக்கு உள்ளங்கை மேல்நோக்கி, முழங்கை விலாவோடு ஒட்டி. இதையே முதலில் பழக்குங்கள். கோடையில் இறுகிய தரையில் துள்ளிப் பிடிக்கவிட்டால் முழங்காலும் முழங்கையும் தேயும். துள்ளல் பயிற்சிக்குப் பாலாற்றில் மணல் இன்னும் மிஞ்சியிருக்கும் இடம் நல்லது.

15 மீட்டரைக் கண்ணால் அளக்க, கிரிக்கெட் பிட்சில் இரு பக்கமும் பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸ் கோடுகளைப் பாருங்கள். அவற்றின் இடைவெளி 17.68 மீட்டர். அதைவிட ஏறக்குறைய மூன்று தப்படி குறைந்தால் தடப்பிடிக்கான எல்லை. அதற்கும் குறைந்தால் நடுவர் விசில் ஊதமாட்டார், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.