சீக்வெல்: இரண்டாம் பாகமா, தொடர்படமா?

சீக்வெல் (பெயர்ச்சொல்): ஒரு கதையோ படமோ முடிந்த பிறகு, அதே ஆட்களை வைத்து அதற்குப் பின் நடப்பதைச் சொல்லும் இன்னொரு கதை அல்லது படம். வடசென்னைப் பேச்சில் பார்ட் டூ, ரெண்டாவது பார்ட்டு. பத்திரிகைகளில் இரண்டாம் பாகம், தொடர்ச்சி. நான் பரிந்துரைக்கும் தமிழ்: தொடர்படம், நூலாக இருந்தால் தொடர்நூல்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'செக்வி' என்றால் பின்தொடர்வது. அதிலிருந்து 'செக்வெலா', பின்னால் வருவது. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, பெரிய மனிதர் ஒருவருக்குப் பின்னால் போகும் ஆள் அம்பு, பரிவாரம் என்பதும் அதன் பொருள்களில் ஒன்று. நூலின் தொடர்ச்சி என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது. மருத்துவர்கள் மட்டும் 'செக்வெலா' என்ற பழைய வடிவத்தை இன்றைக்கும் விடவில்லை. நோய் போன பிறகும் உடம்பில் தங்கிவிடும் கோளாறுக்கு அந்தப் பெயர். சில பார்ட் டூ படங்களுக்கு இந்த அர்த்தம்தான் கச்சிதம். 'செகண்ட்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. முதலாவதைப் பின்தொடர்ந்து வருவது செகண்ட். ஆக, 'செகண்ட் பார்ட்டு' என்று சொல்பவர் தெரியாமலே சீக்வெலின் பங்காளியைத்தான் கூப்பிடுகிறார்.

தமிழுக்கு வருவோம். பாகம் வடமொழியிலிருந்து வந்த சொல்; பங்கு, கூறு என்று பொருள். வண்ணாரப்பேட்டையில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை செய்கிறார்கள் என்றால், ஏற்கெனவே முழுதாக இருந்த வீட்டைப் பிரிக்கிறார்கள். பக்கத்து மனையில் தம்பி புதிதாக ஒரு வீடு கட்டினால் அதை யாரும் பாகம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாம் பாகம் என்பதும் அப்படித்தான்: முழுக் கதை முதலிலேயே இருந்தது, நடுவில் அறுத்து ஒரு துண்டைக் காட்டினார்கள், மற்றதை இப்போது காட்டுகிறார்கள். முடிந்துபோன படத்துக்குப் பல வருஷம் கழித்து எடுப்பது எப்படிப் பாகமாகும்? இலக்கண வாத்தியார் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பார்க்கிறவர்கள் அடித்துக்கொள்வதே இந்த இடத்தில்தான்.

அதற்கு நல்ல உதாரணம், களிமண் பொம்மைகளை வைத்து எடுத்த 'தி ராங் ட்ரவுசர்ஸ்'. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் நிறுவனத்தில் நிக் பார்க் இயக்கி 1993ல் வந்த அரை மணி நேரப் படம். சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. பாலாடைக்கட்டிப் பைத்தியமான வாலஸ், வாயே இல்லாத அவனுடைய நாய் கிரோமிட், வாடகைக்குக் குடிவரும் ஒரு பெங்குவின். அந்தப் பெங்குவின் ஒரு வார்த்தை பேசாது. கண் இரண்டும் கறுப்பு மணிகள், அவ்வளவுதான். தலையில் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோழி வேஷம் போடும், வைரம் திருடும். கடைசியில் வீட்டுக்குள் ஓடும் பொம்மை ரயிலில் துரத்தல். தண்டவாளம் தீர்ந்துபோக, ரயிலின் முன்னால் உட்கார்ந்த கிரோமிட் பெட்டியிலிருந்து துண்டு துண்டாகத் தண்டவாளத்தை எடுத்துப் போட்டுக்கொண்டே போகும். நிறுத்திப் பார்த்தால் களிமண்ணில் செய்தவரின் விரல்ரேகை தெரியும். பெங்குவின் பிடிபட்டு மிருகக்காட்சி சாலையில் அடைபடுகிறது. படம் முடிந்தது.

31 வருஷம் கழித்து அந்தப் பெங்குவினை வெளியே விட்டார்கள். 'வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்' 2024 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் வந்தது, 2025 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. இது குறும்படம் இல்லை, 79 நிமிட முழுப்படம். நிக் பார்க்கும் மெர்லின் கிராசிங்காமும் சேர்ந்து இயக்கியது. வாலஸுக்குக் குரல் கொடுத்த பீட்டர் சாலிஸ் 2017ல் இறந்துவிட்டதால் இதில் பென் வைட்ஹெட் பேசுகிறார். வாலஸ் தோட்ட வேலைக்கு ஒரு பொம்மை ரோபோ செய்கிறான். கூண்டுக்குள் இருந்தபடியே பெங்குவின் அதைத் தன் வசப்படுத்திப் பழிவாங்கப் பார்க்கிறது.

ராயபுரத்தில் எங்கள் தெரு டியூஷன் பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டுக் காட்டினோம். டப்பிங்கே தேவைப்படவில்லை. பெங்குவினும் பேசாது, நாயும் பேசாது; வாலஸ் பேசுவதைக் கவனித்தவர்கள் குறைவு. படம் முடிந்ததும் பாடம் எடுக்கும் அக்கா, அவர் கல்லூரி மாணவி, முகத்தைச் சுளித்தார். "ஜூல போட்டு கதவ சாத்துனதோட கதை முடிஞ்சிபோச்சு. மறுபடி தொறந்து வுட்டது துட்டுக்கு." ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் விடவில்லை. "முடிஞ்சிச்சின்னு யாருக்கா சொன்னது? உள்ள குந்திகினு மொறைச்சிகினே இருந்திச்சே. வெளில வரும்னு எனக்கு அப்பவே தெரியும்."

கவனியுங்கள், படம் நன்றாக இருந்ததா என்பது அவர்கள் பேச்சில் வரவே இல்லை. முதல் படம் முடிந்ததா, முடியவில்லையா என்பதுதான் வழக்கு. அக்காவுக்கு அது முழுக் கதை, இது புதிதாக ஒட்டியது. பையனுக்கு அது முதல் துண்டு, ஆகவே இது உண்மையிலேயே இரண்டாம் பாகம்.

கதவருகே நின்று பார்த்த காசிமேட்டு மாமா ஒருவருக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. கால்வாயில் படகுகள் துரத்திக்கொள்ளும் காட்சியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் படகுகள் நடந்து போகிற வேகத்தில்தான் போகும். படத்தின் வேடிக்கையே அது. "நம்ம ஃபைபர் போட்டு இதுக்கு ஏரோப்ளேன் மாரி" என்றார். பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிப் படகுகள் போனதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். யாரும் நம்பவில்லை. என் கருத்தைக் கேட்டால், அரை மணிப் படத்தின் இறுக்கம் புதியதில் இல்லை, ரோபோவுக்கு இடம் அதிகம். ஆனால் பெங்குவின் திரையில் நிற்கும் நேரமெல்லாம் பழைய படத்துக்குச் சமம்.

சரி, பாகம் வேண்டாமென்றால் வேறு என்ன? 'தொடர்ச்சி' கையிலேயே இருக்கிறது, ஆனால் 'தொடர்ச்சி 7ஆம் பக்கம்' என்று பேப்பரில் போட்டுப் போட்டு அதற்கும் முடியாத விஷயம் என்ற நிறம் ஏறிவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் 'தொடரும்' அதே குடும்பம்.

'வழிநூல்' என்ற பழைய சொல்லின் மேல் எனக்கு ஆசை உண்டு. முதல் நூலோடு ஒத்துப்போய், பின்னால் எழுதுபவன் தனக்கு வேண்டிய மாறுதலைச் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல்: 'பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி'. முன்மொழிதல், வழிமொழிதல் என்று கூட்டங்களில் சொல்கிறோமே, அந்த வழிதான், பின்னால் வருவது. 'வழிப்படம்' என்று வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் கம்பராமாயணத்தை வான்மீகத்தின் வழிநூல் என்று தமிழாசிரியர்கள் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அங்கே அதே கதைதான் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆகவே இந்தச் சொல்லை ரீமேக்குக்கு விட்டுக்கொடுப்பதே நியாயம்.

மிஞ்சுவது தொடர்படம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி இது வினைத்தொகை. தொடர்ந்த படம், தொடர்கிற படம், தொடரும் படம் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். முதல் படம் முடிந்ததா இல்லையா என்பதில் இந்தச் சொல் தலையிடாது. பின்னால் வருகிறது என்று மட்டும் சொல்லும். லத்தீன் வேருக்கு நேர்ப்பொருளும் இதுவே. இன்னொரு லாபமும் இருக்கிறது. தொடர் என்றால் சங்கிலி. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் இருந்து பாடியதாகச் சொல்லும் புறநானூறு 74ஆம் பாட்டில் 'தொடர்ப்படு ஞமலி' வருகிறது, சங்கிலியில் கட்டிய நாய். பழைய படத்தின் காட்சிகளையே திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தி, நகர முடியாமல் நிற்கும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞமலி நினைவுக்கு வரும்.

அந்தச் சங்கிலியில் மாட்டியவர்களில் வால்ட் டிஸ்னியும் உண்டு. மூன்று பன்றிக்குட்டிகளும் ஓநாயும் வரும் அவருடைய குறும்படம் 1933ல் வந்து பெரிய வெற்றி பெற்றது. இன்னும் பன்றி வேண்டும் என்று கேட்டார்கள். 1934, 1936, 1939 என்று மூன்று தொடர்படங்கள் வந்தன. எதுவும் முதலாவதைத் தொடவில்லை. பன்றியை வைத்துப் பன்றியை மிஞ்ச முடியாது என்று டிஸ்னி அதன் பிறகு சொல்லிவந்தார்.

அறுந்த சங்கிலிக்குத் தமிழில் மணிமேகலையே சாட்சி. சிலப்பதிகாரம் கோவலன், கண்ணகி, மாதவி கதையோடு முடிகிறது. மாதவியின் மகள் கதையைத் தனிக் காப்பியமாக எடுத்துப் போனார் சாத்தனார். ஆட்களில் சிலர் அதே ஆட்கள், ஆனால் பசி, துறவு, பௌத்தம் என்று பேசும் பொருளே வேறு. இரட்டைக் காப்பியம் என்று சேர்த்துச் சொல்கிறோம்; 'சிலப்பதிகாரம் பாகம் இரண்டு' என்று யாரும் சொன்னதில்லை.

பேச்சுவழக்கில் தொடர்படம் ஓடாது என்பார்கள். சரி, பேச்சுக்கு வடசென்னையிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. "அப்பால இன்னா ஆச்சு?" கதை கேட்கும் எந்தக் குழந்தையும் இங்கே இப்படித்தான் கேட்கும். அப்பால் என்பது சுத்தமான பழந்தமிழ். அந்தப் பக்கம் என்ற இடப்பொருளிலிருந்து பிறகு என்ற காலப்பொருளுக்கு வந்தது. மெட்ராஸ் பாஷை என்று கிண்டல் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ப்ரீக்வெல் பற்றி ஒரு வரி. சீக்வெலின் தலையை வெட்டி 'ப்ரீ'யை ஒட்டிய சொல், 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. முன்கதை என்று எழுதலாம். 'முன்கதைச் சுருக்கம்' படித்து வளர்ந்தவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள், பரவாயில்லை.

இரண்டாம் பாகம் என்ற சொல்லையே ஒழிக்க வேண்டியதில்லை. எங்கள் பகுதியின் பேரையே தலைப்பாக வைத்து 2018ல் வந்த படம், கதை இன்னும் மிச்சமிருக்கிறது என்று காட்டியே முடிந்தது. அதற்கு அடுத்து வந்தால் அது இரண்டாம் பாகமேதான், தொடர்படம் இல்லை. டீக்கடையில் அதைக் கேட்பவர்களும் "மீதி எப்ப?" என்றுதான் கேட்கிறார்கள்.