கல்லுக்கு அடியில் தோண்டுகிறவர்களுக்கு

சென்ற மாதம் அரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் போன் செய்தார். "சார், மேட்டுக் கொல்லையில இருந்த வேடியப்பன் கல்லை உடைச்சுட்டாங்க சார்." வீரச்சாவு அடைந்தவனுக்கு நட்ட நினைவுக்கல், அதாவது நடுகல் அது; இந்தப் பக்கம் அதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். போய்ப் பார்த்தேன். பலகைக்கல் மூன்று துண்டாகக் கிடந்தது. அது நின்ற இடத்தில் இடுப்பளவுப் பள்ளம். சுற்றிலும் நறுக்கிய எலுமிச்சம்பழம், குங்குமம், பாதி எரிந்த கற்பூரம். புதையல் தேடி அமாவாசை இரவில் செய்த வேலை. எழுத்திருந்த மேல்துண்டில் ஒரு மூலையைக் காணவில்லை. கிடைத்ததை, ஈரக் காகிதம் ஒற்றி மை தட்டி, மைப்படி எடுத்தேன். அரசன் பெயர் இருக்கிறது, ஆட்சியாண்டு இருக்கிறது, செத்தவன் பெயர் மட்டும் போய்விட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்வெட்டு வேலை பார்க்கிறவனுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் இந்த முறை பொறுமை போய்விட்டது. எழுத்தில் கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "எந்தப் பக்கம், எத்தனை அடின்னு எழுதியிருக்கு சார்?" படித்துச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "சார் மறைக்கிறாரு" என்று என் முதுகுக்குப் பின்னால் பேச்சு நடக்கும். வீரனின் வாள்முனை எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கே குடம் இருக்கிறதாம். காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். அதைக் காட்டி "இது தங்கக் குடம், இது நகைப்பெட்டி" என்பார்கள். பாம்புக் காவல், தலைச்சன் பலி என்று மிச்சக் கதையை யூடியூப்காரர்கள் நிரப்பிவிட்டார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். அந்தக் கல் யாருக்கு நட்டது? பக்கத்து நாட்டுக்காரர்கள் வந்து மாட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கல்வெட்டு அந்த மந்தையைத் 'தொறு' என்று சொல்லும். ஊரில் ஒருவன் வில்லையும் குறுவாளையும் எடுத்துக்கொண்டு துரத்துகிறான். மாட்டை மீட்கிறான், அம்பு பட்டுச் சாகிறான். ஊரார் கூடி அவனுக்குக் கல் நடுகிறார்கள். அந்தக் காலத்தில் இந்த வறண்ட மேட்டுநிலத்தில் சொத்து என்றால் மாடுதான். அதற்காகத்தான் அவன் செத்தான். அதுவும் பட்டிக்குத் திரும்பிவிட்டது. இதில் தங்கம் எங்கிருந்து வந்தது? அப்படியே ஒருவன் தங்கம் புதைத்தாலும், ஊரே பார்க்கும்படி அதன் தலைமேல் கல்லை நட்டு, எழுத்தும் வெட்டி வைப்பானா? உங்கள் வீட்டுத் தாலிக்கொடியை ஒளித்துவைத்த இடத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்களா?

பெரும்பாலான நடுகற்களின் அடியில் உடல்கூடக் கிடையாது. நினைவுக்காக நட்டவை அவை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே கிடைத்தது நடுகல்தான். அந்தக் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வைத்ததைத்தான் ஔவையார் பாடியிருக்கிறார். குறுநில மன்னனுக்கே பீலியும் கள்ளும் என்றால், மாடு மீட்கப் போனவனுக்குக் குடம் குடமாகத் தங்கமா?

கல்திட்டைகளுக்கும் இதே கதிதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் குன்றில் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய அந்த அறைகளைப் பார்த்திருப்பீர்கள். பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்று அவரவர் வாய்க்கு வந்த பெயர். எல்லாம் ஈமச் சின்னங்கள். பொதுவாக இப்படிப்பட்ட இடங்களில் கிடைப்பவை எலும்பு, கருப்பு சிவப்புப் பானை, துருவேறிய இரும்பு. தோண்டுகிறவன் கோபத்தில் எட்டி உதைத்துவிட்டுப் போவதும் இவற்றைத்தான். அதே மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் தோண்டியபோது இரும்பின் காலம் கி.மு. 2172 என்று வந்தது. 2022இல் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள். அந்தக் கணக்கு, இரும்பு கிடந்த மண்ணடுக்கை வைத்துப் போட்டது. கடப்பாரையால் மண்ணைக் கிளறிவிட்டால் இரும்பு கையில் இருந்தாலும் காலம் போய்விடும்.

புதையல் பேச்சை இதோடு விட்டுவிடலாம். தோண்டுகிறவன் ஊருக்கு ஒருவன் இருந்தால் அதிகம். என் பெரிய வருத்தம் தோண்டாதவர்கள் மேல்தான். கல்லைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள்.

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் துவைக்கிற கல்லைத் திருப்பிப் போடச் சொன்னேன். "எங்க மாமியார் காலத்துல இருந்து இதுலதாங்க துவைக்கிறோம்" என்றார் அந்த அம்மா. திருப்பினால் கீழ்ப்பக்கம் ஒருவன் புலியின் வாய்க்குள் கத்தியைச் செருகிக்கொண்டு நிற்கிறான். உருவம் இருந்த பக்கத்தில் துவைக்காமல் இருந்ததால் பிழைத்தான். அவர் பேரன் கல்லூரியில் படிக்கிறான். நாங்கள் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் என்னிடம் கீழடியைப் பற்றி விசாரித்தான். தம்பி, கீழடிக்குத் தாராளமாகப் போ. அதற்கு முன்னால் இப்படிக் கொஞ்சம் குனிந்து பார்.

ஏரி மதகில், கோயில் படியில், புளியமரத்தடியில், மாந்தோப்பு வரப்பில் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலும் கல் இல்லாத பக்கம் குறைவு. பல்லவர் காலத்துக் கல்லென்றால் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் 'கோவிசைய' என்று தொடங்கும். அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, யாருடைய சேவகன், எந்தப் பூசல் என்று போய்ப் 'பட்டான் கல்', அதாவது செத்தவன் கல், என்று முடியும். அவ்வளவே. புகழ்ச்சி கிடையாது. நுளம்பர் என்ற அரச மரபினர் காலத்துக் கற்களும் உண்டு. ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடம், தெலுங்கு கலந்து வரும். பிற்காலக் கற்களில் மூன்று அடுக்குச் சிற்பம்: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் தூக்கிப்போவது, மேலே சிவலிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பது.

யார் பெயர் என்று பாருங்கள். கோயில் கல்வெட்டில் அரசனும் நிலம் கொடுத்தவனும் வருவார்கள். இங்கே வருகிறவன் மாடு மேய்த்தவன், காவல் காத்தவன். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1,400 ஆண்டு பழையது. செத்தவன் கருந்தேவக் கத்தி. அவன் நாய் இரண்டு கள்வரைக் கடித்துவிட்டு அவன் அருகிலேயே காவல் நின்றதாம். நாயின் பெயர் கோவிவன். நாய்க்குப் பெயர் எழுதி, உருவமும் வெட்டிய ஊர் அது. நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டனுக்கு அப்பன் பெயர் தெரியும்?

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். உச்சி வெயிலில் கல்வெட்டு தெரியாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ சாய்வெயிலில் பாருங்கள். இல்லையென்றால் இருட்டியபின் செல்போன் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழும். இதைச் செய்து காட்டும்போது ஊர்க்காரர்கள் வாயடைத்துப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து பீடி பிடித்தவர்கள் அவர்கள்.

பார்த்துவிட்டீர்கள் என்றால், அடுத்துச் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். சுண்ணாம்பையோ சாக்பீஸையோ எழுத்துக்குள் தேய்க்காதீர்கள். நீங்கள் தேய்த்த கோடுதான் பிறகு படத்தில் எழுத்தாகத் தெரிந்து எங்கள் உயிரை வாங்கும். கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. அழுக்கிருந்தால் தண்ணீரும் தென்னை நார்த் துடைப்பமும் போதும். கும்பாபிஷேகம் என்ற பெயரில் எனாமல் பெயிண்ட் அடிப்பது, சிமெண்டில் பாதியை மூடுவது, சுற்றி பாத்ரூம் டைல்ஸ் ஒட்டுவது, தயவுசெய்து வேண்டாம். கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. வேடியப்பன் என்று கும்பிட்டதால்தான் பாதிக் கற்கள் இன்றைக்கும் நிற்கின்றன. பூ வையுங்கள், பொங்கல் வையுங்கள். எண்ணெயை மட்டும் எழுத்தின்மேல் ஊற்றாதீர்கள், பிசுக்கு ஏறிவிட்டால் படி எடுக்க முடியாது.

சாலை அகலப்படுத்துகிறார்களா? ஜேசிபிக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் கெட்டவர் இல்லை, யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சங்கிலி போட்டு இழுத்தால் பலகைக்கல் குறுக்கே விண்டுபோகும்.

சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை. நூறாண்டு கடந்த கல்வெட்டும் சிற்பமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். ஆகவே தங்கமே கிடைத்தாலும் உங்களுக்கு வம்புதான்.

1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது தேடிப்போனால், சில ஊர்களில் கல்லும் இல்லை, கல் இருந்த மேடும் இல்லை.

எழுத்தோ உருவமோ உள்ள கல் கண்ணில் பட்டால் முன்பக்கம், பின்பக்கம், சுற்றுப்புறம் என்று நாலு படம் எடுங்கள். விஏஓவிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் வட்டாட்சியரிடம். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போனால் மீட்டுவந்த நடுகற்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம், டிக்கெட்டுக்குக் கூட்டமும் இருக்காது.

"சொன்னா கல்லைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்களா, நிலத்தை எடுத்துக்குவாங்களா?" என்று கேட்பீர்கள், தெரியும். ஒரு கல் நின்றதற்காக யாருடைய பட்டாவும் போனதை நான் பார்த்ததில்லை. ஆபத்து இல்லாத இடத்தில் இருந்தால் அது அங்கேயே நிற்பதுதான் எங்களுக்கும் விருப்பம். படி எடுத்து, படம் எடுத்து, ஊர்க்காரர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவோம். அதற்கு வேண்டியது இரண்டு குடம் தண்ணீரும் கொஞ்சம் நிழலும்தான். நாங்கள் வரும் அன்று மட்டும் மாட்டை வேறு இடத்தில் கட்டுங்கள். போன முறை ஈரக் காகிதத்தைத் தின்றுவிட்டது.