லாஜிக்கல் ப்ராசசர்: தருக்கச் செயலியா, இழைச் செயலியா?

லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' கட்டளை காட்டும் சிபியு எண்ணிக்கை, தாய்ப்பலகையில் செருகியிருக்கும் சில்லுகளின் எண்ணிக்கை அல்ல. அது 16 என்று காட்டும் கணினியில் ஒரே சில்லு இருக்கலாம். அதில் 8 கோர் (சில்லுக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி), கோருக்கு 2 இழை (ஆணைகளை ஓட்டும் தடம்). 1 × 8 × 2 = 16. இந்தப் பதினாறில் ஒவ்வொன்றும் ஒரு லாஜிக்கல் ப்ராசசர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ப்ராசசர் என்பதன் வேர், 'முன்னே செல்' என்று பொருள்படும் இலத்தீன் வினை. தமிழில் செயலி என்றோம்; தொலைபேசி, ஒலிபெருக்கி ஆகியவற்றில் வரும் அதே இகர விகுதி. ஆனால் கைப்பேசி வந்தபின் ஆப்பையும் செயலி என்றே எழுதுகிறோம். அதனால் இப்போது அடைமொழி இல்லாமல் 'செயலி' தெளிவாக நிற்பதில்லை.

லாஜிக் கிரேக்க 'லோகோஸ்' வழி வந்தது. அதற்குத் தருக்கம், ஏரணம் இரண்டும் சரி. ஆனால் 'லாஜிக்கல் ப்ராசசர்' என்ற சொற்றொடரில் தருக்கத்துக்கு வேலையே இல்லை. பருப்பொருளாகத் தனித்து இல்லாவிட்டாலும் மென்பொருள் தனியாக எண்ணுவது என்பதே பொருள். இன்டெல் 2002இல் ஹைப்பர்த்ரெடிங்கைக் கொண்டுவந்தபோது ஒரே கோர் இயங்குதளத்துக்கு இரண்டாகத் தெரிந்தது. அந்த இரண்டும் கணக்கிடும் உறுப்புகளையும் கேச் நினைவகத்தையும் பகிர்ந்துகொள்பவை. எனவே எண்ணிக்கை இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனி (கெர்னல்) எண்ணுவது இந்த இழையைத்தான். ஆகவே 'இழைச் செயலி' என்பதே பொருந்தும் என்பது எங்கள் முடிவு. கோருக்கு உள்ளகம் என்று வைத்துக்கொள்ளலாம். 'கரு' என்றால் கருனியோடு குழம்பும்.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) கணினியில் கருனி இந்த எண்ணிக்கையைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர், வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகளைத் தரும். அவற்றில் ஒன்றான எம்ஏடிடியில் இழைச் செயலி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏபிக் எண்ணோடு (அதன் அடையாள எண்) ஒரு பதிவு இருக்கும். அதைப் படித்து லினக்ஸ் மூன்று கணக்குகளை வைத்துக்கொள்கிறது: வரக்கூடியவை, இருப்பவை, இயங்குபவை. எந்த இழை எந்த உள்ளகத்தில் என்பதைச் செயலியின் சிபியுஐடி ஆணை சொல்கிறது.

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினியில் இந்த அட்டவணையை எழுதுவதே, அதை உருவாக்கி இயக்கும் மெய்நிகராக்கிதான் (ஹைப்பர்வைசர்). மெய்க்கு நிகர் என்ற சொல்லுக்கேற்ப, உள்ளே இருக்கும் கருனி அதை மெய்யான அட்டவணையைப் போலவே படிக்கும். லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் செயலி என்பது வெளிக் கணினியில் ஓடும் ஒரு மென்பொருள் இழை மட்டுமே. சிக்கல் இங்கே தொடங்குகிறது. 4 செயலி கொடுத்த மெய்நிகர் கணினியின் தொடக்கப் பதிவில் '4 இருப்பவை, 124 பின்னர் செருகத்தக்கவை' என்று வரலாம். ஓடும்போதே செயலி சேர்க்க வசதியாக 128 பதிவுகளை மெய்நிகராக்கி எழுதிவைத்திருக்கும். கருனியோ செயலிக்கெனத் தனித்தனியே ஒதுக்கும் நினைவகத்தை வரக்கூடிய 128க்கும் ஒதுக்கிவிடும். பின்னர் சேர்க்கும் எண்ணமில்லை என்றால் தொடக்க அளவுருவில் 'பாசிபிள்_சிபியுஸ்=4' கொடுத்தால் போதும்.

விண்டோஸில் தடுமாற்றம் வேறு வகை. விண்டோஸ் 10 ப்ரோ 2 சாக்கெட் (சில்லு செருகும் இடம்) வரைதான் ஏற்கும். மெய்நிகர் கணினியை 8 சாக்கெட், சாக்கெட்டுக்கு 1 உள்ளகம் என அமைத்தால் 6 வீணாகும். 1 சாக்கெட், 8 உள்ளகம் என மாற்றினால் எட்டும் வேலைசெய்யும்.

வெளிக் கணினியின் கருனியிலேயே நிரல்களைத் தனித்து ஓட்டும் கன்டெய்னரில் தனிக் கருனியே இல்லை. 'ப்ராக்' அடைவின் 'சிபியுஇன்ஃபோ' கோப்பு வழக்கமாக வெளிக் கணினியின் இழைச் செயலிகளையே காட்டும். உண்மையான வரம்பு, நிரல்களுக்கு வள வரம்பு விதிக்கும் கருனி வசதியான சிகுரூப்பின் 'சிபியு.மேக்ஸ்' கோப்பில் மைக்ரோநொடிக் கணக்கில் உள்ளது: '200000 100000' என்றால் ஒவ்வொரு 100 மில்லிநொடியிலும் 200 மில்லிநொடி, அதாவது 2 செயலி அளவு நேரம். 'சிபியுஇன்ஃபோ' 64 என்று காட்டுவதை நம்பி 64 மென்பொருள் இழை தொடங்கும் நிரல் அந்த நேரத்தைச் சட்டென்று தீர்த்துவிட்டு, அடுத்த சுற்று வரை நிறுத்திவைக்கப்படும்.