"டாக்டர் வரமாட்டாங்களா?": புற்றுநோய் நர்ஸ் பிராக்டிஷனரின் படிப்பு பற்றிக் கொஞ்சம்

அமெரிக்காவில் புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கும் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வரும் நம் ஊர்க் குடும்பங்கள் பல, நர்ஸ் படிப்புக்கு மேல் படித்து நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கும் என்னைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: "டாக்டர் வரமாட்டாங்களா?" நியாயமான கேள்வி. இங்கே பல இடங்களில், ஒரு கீமோவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நோயாளியைப் பரிசோதித்து, ரத்த அறிக்கையைப் பார்த்து, பக்கவிளைவுக்கு மருந்து எழுதுவது நர்ஸ் பிராக்டிஷனர்தான். அதனால் அவர் என்ன படித்துவிட்டு வருகிறார் என்பது நோயாளிக்கும் தெரிய வேண்டும். இந்தப் படிப்புக்குப் போக நினைக்கும் நம் நர்ஸ்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். "நேற்றிலிருந்து ஆறேழு தடவை போகிறது" என்று ஒருவர் போன் செய்கிறார். இரினோடீகான் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொள்பவர் என்றால், மருந்து ஏறும்போதோ அன்றைக்கே சில மணி நேரத்திலோ வருவதற்கு அட்ரோபின், நாள் கழித்து வருவதற்கு லோப்பரமைடு. வீட்டில் கேபெசிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால், முதலில் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்மேல் ஏவிவிடும் மருந்து என்றால் கதையே வேறு. அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். கிருமித்தொற்றா என்று சோதிக்க வேண்டும், தீவிரத்தைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். லோப்பரமைடு மட்டும் கொடுத்து அடக்கினால் வெளியே நின்றதுபோலத் தெரியும், உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டே போகும். முற்றினால் குடலில் ஓட்டைகூட விழலாம். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்தும் இது வரும் என்பதால், இப்போது எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று நோயாளி சொன்னாலும் பழைய மருந்துகளைத் தோண்டிக் கேட்க வேண்டும்.

இந்த நிதானத்தைப் பொதுவான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு மட்டும் தந்துவிடாது.

1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் டாக்டர் ஹென்றி சில்வரும் தொடங்கிய முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி குழந்தைகள் நலனுக்கானது. இன்றைக்கு அது மாஸ்டர்ஸ், டாக்டரேட் வரை வளர்ந்திருக்கிறது. நோய்க்கூறியல், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகிய மூன்றும் மேல்நிலைப் பாடங்களாக எல்லோருக்கும் உண்டு. 2008-இல் நர்சிங் அமைப்புகள் சேர்ந்து வகுத்த மாதிரிப்படி, லைசென்ஸ் எந்த வயதினரை, எந்தப் பிரிவினரைப் பார்க்கிறோம் என்பதை வைத்து அமையும். எந்த நோய் என்பது அதற்கு அடுத்த படி. அதாவது, பெரியவர்களின் புற்றுநோயைப் பார்க்க விரும்புபவர் பெரும்பாலும் வயதுவந்தோர், முதியோர் பிரிவில் படித்துத் தேறுவார். அதன் மேல் புற்றுநோய்ச் சிறப்புச் சான்றிதழான ஏஓசிஎன்பி தேர்வை எழுதலாம்.

இந்த முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2022-இல் வந்த தேசியத் தரநிலை நேரடி நோயாளிப் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம் வேண்டும் என்கிறது, ஆனால் அதில் இத்தனை மணி நேரம் புற்றுநோய்ப் பிரிவில் என்று வரையறை இல்லை. சளி, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தே படிப்பை முடித்துவிட்டு, நேரே கீமோ நோயாளிகளின் முன்னால் வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். முதல் வருடம் முழுக்க வேலையிலேயே கற்றுக்கொள்கிறார்கள், அதுவும் பக்கத்தில் கற்றுக்கொடுக்க யாராவது இருந்தால்.

அதனால் சேரப் போகும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் சொல்வேன்: ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். புற்றுநோய்க்கென்று தனிப் பாடம் உண்டா? கிளினிக்கல் பயிற்சிக்கு பிரிசெப்டரை, அதாவது கூடவே இருந்து கற்றுக்கொடுப்பவரை, கல்லூரிக்காரர்களே ஏற்பாடு செய்வார்களா, நம்மையே தேடிக்கொள்ளச் சொல்வார்களா? இரண்டாவது என்றால் நன்றாக யோசியுங்கள். புற்றுநோய்ப் பிரிவில் பிரிசெப்டர் கிடைப்பது லேசில்லை. கீமோ வார்டில் சில வருடம் நர்ஸாக இருந்துவிட்டுச் சேர்வது இன்னும் நல்லது. வெள்ளையணுக்கள் குறைந்தவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்தவருக்கும், அந்த ஒரு மணி நேரத்தில் ஓடியவருக்கும் வித்தியாசம் தெரியும். படிப்பு முடிந்ததும் சில பெரிய புற்றுநோய் மையங்கள் நடத்தும் ஃபெலோஷிப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள், சம்பளம் சற்றுக் குறைந்தாலும்.

குடும்பங்களுக்கு ஒன்று. எங்களிடம் "புற்றுநோயில் எத்தனை வருடம் இருக்கிறீர்கள், சிக்கல் என்றால் எந்த டாக்டரைக் கேட்பீர்கள்?" என்று தாராளமாகக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டோம். அப்பாவுக்கு மகன் மொழிபெயர்த்துச் சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "நோய் பரவியிருக்கு" என்று நான் சொல்வதை மகன் "கொஞ்சம் வீக்கம் இருக்காம்" என்று சொன்னால், அப்பா எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் அதை இலவசமாகத் தர வேண்டும், பெரும்பாலும் போனிலோ வீடியோவிலோ ஆள் கிடைத்துவிடுவார்.